படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

கரமனையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் யோகா வகுப்பு தொடங்கினார்கள். காலையில், இடைவிடாமல் ஆசனம் மாற்றி மாற்றிச் செய்யும் வேகமான யோகா. மாலையில், ஒவ்வொரு ஆசனத்திலும் நிதானமாக இருந்து செய்யும் யோகா. எடை குறைய நான் காலை வகுப்பில் சேர்ந்தேன். இளம்பெண்கள் நடுவில் தனியாக நிற்கக் கூச்சம். எங்களோடு வசிக்கும் நாத்தனார் லலிதாவையும் கூப்பிட்டேன்.

“எனக்கு பிரஷர் உண்டே மன்னி, சாயங்கால கிளாஸ் போறாதோ?” என்றாள்.

“எல்லாம் யோகாதானே, பேசாம வா” என்றேன். அவள் படிவத்தையும் நானே நிரப்பினேன். நோய் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். உண்மையை எழுதினால் அவளை மாலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

மூன்றாம் நாள், வேகமாகக் குனிந்து நிமிரும்போது லலிதா கண் இருட்டி விழுந்தாள். நெற்றியில் ரத்தம். “பிரஷர் உண்டோ?” என்று டீச்சர் பதறினார். ஆமாம் என்று தலையாட்டினேன். நல்லவேளை, இரண்டு தையலோடு போயிற்று.

வீட்டில் என் கணவர் விசாரித்ததும் லலிதா முந்திக்கொண்டாள். “காலம்பற காப்பி குடிக்காம போயிட்டேன் அண்ணா, அதான்.”

அன்று அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்ததே நான்தான்.

இப்போது நானும் அவளோடு மாலை வகுப்புக்குத்தான் போகிறேன். அவள் படிவத்தை அவளே நிரப்பினாள். இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவர் என் கணவர். அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன்.