வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்ட கெம்பம்மா

செய்தி வந்தபோது நான் பாகலூர் டீக்கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதும்போதே இனிக்கிறது. முன்பெல்லாம் அதே பெஞ்சில், அதே தாளில், போண்டாவின் எண்ணெயைத்தான் ஒற்றி எடுப்பேன். முதியோர் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அதில் எழுத்தும் இருப்பது தெரிந்தது. அன்று முதல் பக்கத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திருத்தச் சட்டம் பற்றிய செய்தி. ‘அவையில் அனல் பறக்கும் விவாதம்’ என்று தலைப்பு. ‘அனல்’ வரை வந்திருந்தேன். கடைக்காரர் நாகேஷ் காதிலிருந்து போனை எடுத்துவிட்டு, “பெரீப்பா, ரோஜாத் தோட்டத்துக் கெம்பம்மா பூட்டாங்களாம்” என்றார்.

தலைப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். யாரும் தவறாக நினைக்க வேண்டாம். அக்கா உயிரோடு இருந்திருந்தால், “என்னா போட்டிருக்கான்னு முடிச்சிட்டு வாடா” என்றுதான் சொல்லியிருப்பார்.

கெம்பம்மா அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாகலூரை ஒட்டிய பசுமைக்குடிலில் அவர் ரோஜா தரம் பிரித்தார். நான் அங்கே மருந்து அடித்தேன். வெட்டி வந்த பூவைத் தண்டோடு கையில் எடுத்து லேசாக ஓர் உதறு உதறுவார். தலை நின்றால் பெட்டிக்கு. தொங்கினால் கழிவுக் குழிக்கு. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். புதிதாக வந்த மேலாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனதும், “தண்டு நல்ல நீளம். தலதான் நிக்கல” என்றார். அந்த மேலாளர் ஊரை விட்டுப் போகும்வரை எங்களுக்கு அவர் பெயர் தண்டுதான்.

அக்காவின் வாயில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் இருந்தன. திட்டுவதற்கு மூன்றும் போதாமல் நான்காவதாக ஒன்றைத் தேடுவார். என்னை மட்டும் கன்னடத்தில், ‘என்னடா’ என்று அதட்டிக் கூப்பிடுவார்: “ஏனோ மாரப்பா!” நான் எழுதப் படிக்கக் கற்கப் போகிறேன் என்றபோதும் அதே அதட்டல்தான். “பேனர்ல இருக்கறவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே, அப்புறம் எழுத்து எதுக்குடா?” அந்த ஒரு விஷயத்தில் அக்கா சொன்னது தவறு. மூஞ்சியைப் பார்த்தால் பாதிதான் தெரிகிறது.

அவர் கணவர் வெங்கடப்பா கல் குவாரியில் வேலை செய்தவர். நுரையீரலில் தூசி படிந்து ஒருநாள் மூச்சு முட்டியது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மருத்துவமனைதான் கிட்டத்தில் இருந்தது. வண்டியை அங்கே ஓட்டினார்கள். அங்கிருந்தவர்கள் காப்பீட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உங்கள் மாநிலத்து அட்டை, இங்கே செல்லாது என்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓசூர் வந்தார்கள். உயிரோடுதான் வந்து சேர்ந்தார். ஆனால் அந்த மனிதர் பிறகு எழுந்து நடக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அதனால்தான் இந்தச் சட்டப் பேச்சு எழுந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாடு முழுவதும் ஒரே அட்டை செல்லும் என்றது ஒரு கட்சி. மாநிலத்தின் திட்டத்தை இது விழுங்கிவிடும் என்றது இன்னொரு கட்சி. அக்கா முதல் கட்சிக்கு வேணுங்காரன் என்றும் இரண்டாவதற்கு வேணாங்காரன் என்றும் பெயர் வைத்தார். இரண்டு பேரின் கூட்டத்துக்கும் போவார். முதல் வரிசையில் உட்காருவார். பேச்சாளர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து எழுந்து நிற்பார்.

“சாமி, எனக்கு மாரு அடைக்குதுன்னு வைய்யி. வண்டிய எந்தப் பக்கம் திருப்பறது? ஓசூருக்கா, அந்தாண்டயா?”

“இந்தச் சட்டம் வந்தா நாட்டுல எங்க வேணா போலாம்மா!” என்றார் வேணுங்காரர்.

“எங்க வேணான்னா? ஒரு ஆஸ்பத்திரி பேரு சொல்லு.”

“அதெல்லாம் விதிமுறையில வரும்மா.”

“விதி வர்றதுக்கு முன்னாடி எனக்கு வந்துட்டா?”

கூட்டம் சிரித்தது. வேணுங்காரர் தன் தலைவரை வாழ்த்தி அமர்ந்தார்.

அடுத்த வாரம் அதே மைதானத்தில் வேணாங்காரர் வந்தார். மாநில உரிமை பறிபோகிறது என்று மேசையைக் குத்தினார். அக்கா எழுந்தார்.

“சரிப்பா. பறிபோவறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரர எந்தக் கதவு தெறந்து உள்ள வுட்டுது?”

“அம்மா, நாம உரிமையப் பத்திப் பேசிட்டிருக்கோம்.”

“பேசு. நான் மூச்சப் பத்திக் கேக்கறேன். வண்டிய எந்தப் பக்கம் திருப்பறது?”

ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

தொலைக்காட்சியிலும் ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்து இதே சட்டத்துக்காகக் கத்தினார்கள். அக்கா சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். “வாய் மட்டும் ஆடறப்ப மாடு அசை போடற மாதிரி இருக்குது. மாடாச்சும் பால் கறக்கும்.” செய்தித்தாளில் சட்டத்தைப் பற்றி வந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவேன். “நீ முடிக்கறதுக்குள்ள சட்டத்தையே மாத்திடுவானுங்கடா” என்பார். ஆனால் எழுந்து போக மாட்டார். ஓசூர், பாகலூர் என்ற பெயர் வருகிறதா என்று கடைசி வரி வரை கேட்பார். வந்ததே இல்லை.

கூட்டம் முடிந்ததும் அக்காவுக்கு ஒரு வேலை இருந்தது. ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டு அவிழ்த்துச் சுருட்டி, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். எங்கள் பக்கத்தில் ரோஜாத் தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பூ பரப்ப, உரம் மூட, கொட்டகைக் கூரை போட ஃப்ளெக்ஸை விட்டால் வேறில்லை. படம் உள்ள பக்கத்தைக் கீழே போட்டு, வெள்ளைப் பக்கத்தை மேலே வைப்போம். வெள்ளையில்தான் பூ அழுக்காகாது. அக்காவின் மாட்டுக் கொட்டகையில் படுத்து அண்ணாந்து பார்த்தால் எல்லாக் கட்சித் தலைவர்களும் கை கூப்பிச் சிரிப்பார்கள். மாடு மட்டும்தான் அவர்களைப் பார்த்தது.

இரண்டு கட்சிக்காரர்களும் இதைக் கண்டார்கள். முதல் வரிசையில் உட்காருகிறார், தலைவர் படத்தைத் தலையில் சுமந்து போகிறார், இவரைவிடத் தீவிரத் தொண்டர் யார் என்று முடிவு கட்டினார்கள். கேள்வி கேட்டதைக்கூட ஆர்வக்கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். கொட்டகைக்குள் ஒருவரும் தலையை நீட்டிப் பார்த்ததில்லை.

நான் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மகன் முனிராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலைச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை.

“காலையில களி தின்னுட்டு, மாரு அடைக்குதுன்னா மாமா. ஆட்டோவக் கூப்ட்டேன். வந்துட்டான். எந்தப் பக்கம்னு கேட்டான். அந்தாண்ட போனா அட்ட செல்லுமான்னு எனக்குத் தெரியல. ஓசூருன்னா வழியெல்லாம் லாரி. நானும் அவனும் அதையே பேசிட்டு நிக்கறோம். அம்மா கட்டில்ல இருந்து சிரிக்கறா. ‘வேணுங்காரனுக்குப் போன் போட்டுக் கேளுடா’ன்னா. அதான் கடைசி.”

அவன் அழவில்லை. ஆட்டோ இன்னும் வாசலிலேயே நின்றிருந்தது. ஓட்டிய பையன் கிளம்பவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தான்.

பிணம் எடுப்பதற்குள் இரண்டு பேனர்கள் முளைத்துவிட்டன. தெருவின் இந்தக் கோடியில் ஒன்று: ‘சட்டம் அன்றே வந்திருந்தால் எங்கள் சகோதரி இன்று வாழ்ந்திருப்பார்.’ அந்தக் கோடியில் ஒன்று: ‘சட்டத்தை எதிர்த்துக் களத்தில் உயிர்நீத்த வீரத்தாய்.’ இரண்டிலும் அக்கா படம் கட்டை விரல் அளவு. தலைவர் படம் கதவளவு. இரண்டையும் நானே நின்று, ஓர் எழுத்து விடாமல் படித்தேன். களி தின்று கட்டிலில் படுத்த கெம்பம்மா எந்தக் களத்துக்குப் போனார் என்று தெரியவில்லை. படிக்கத் தெரிந்ததில் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி வேறு நாளில் கிடைத்ததில்லை. பொய்யை இனி யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வேணுங்காரரும் வேணாங்காரரும் ஆளுக்கொரு மாலையோடு வந்தார்கள். மாலையில் எங்கள் தோட்டத்து ரோஜாதான், தலை தொங்கிய கழிவு ரகம். நான் இருவர் முன்னாலும் போய் நின்றேன்.

“அக்கா கேட்டத நான் கேக்கறேன். இன்னிக்குக் காலையில அந்த ஆட்டோ நின்னுச்சே, அத எந்தப் பக்கம் திருப்பியிருக்கணும்?”

வேணுங்காரர் வேணாங்காரரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். எந்த அவையிலும் ஒத்துப்போகாத இருவரும் அங்கே ஒத்துப்போனார்கள்.

“பெரியவரே, துக்க வீட்டுல அரசியல் பேசக் கூடாது” என்றார் ஒருவர். மற்றவர் தலையை ஆட்டினார்.

அக்காவைப் புதைத்து, மூன்றாம் நாள் பால் ஊற்றிய பிறகு, நானும் முனிராஜும் இரண்டு பேனர்களையும் அவிழ்த்தோம். வீரத்தாயைக் கொட்டகைக் கூரையில் ஒழுகிய இடத்தில் குப்புறப் போட்டோம். அன்று இரவு பெய்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அந்தக் கட்சியால் இந்த ஊருக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

சகோதரியைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைத் தரையில் விரித்தேன். பசுமைக்குடிலின் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் மீதி இருந்தது. மண்டியிட்டு எழுதத் தொடங்கினேன். முட்டி வலித்தது. முனிராஜ், “நான் எழுதறேன் மாமா” என்றான். விடவில்லை. வெயில் சாயும்போது முடித்தேன். ஆட்டோ ஓட்டும் பையன் வந்து மேல் முனையைக் கட்டினான். ஓசூர்ச் சாலையும் எல்லைச் சாலையும் பிரியும் இடத்தில் அது இப்போது நிற்கிறது:

‘மாரு அடைத்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது? கேட்டவர்: கெம்பம்மா.’

நேற்று ஒரு கட்சி வண்டி அதன் அருகே வேகம் குறைந்தது. உள்ளே இருந்தவர் படிப்பது தெரிந்தது. படித்து முடித்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

அக்கா, நீங்கள் நிம்மதியாகப் படுங்கள். இனிக் கூட்டத்துக்கு நான் போகிறேன். முதல் வரிசையில்.