ஏழாம் மாடிச் சட்டி

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான். அதுவும் நான்காம் வகுப்பு ஆங்கிலம். என்றாலும் நாட்டைவிட்டு அகதிகளாக வந்து வோபர்னில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் ஆறு மணிச் செய்திக்கு நானே மொழிபெயர்ப்பாளன். விளங்காத இடங்களைப் படத்தைப் பார்த்து நிரப்பிவிடுவேன்.

எங்களுக்கு மேலே, ஏழாம் மாடியில், என் வகுப்பு மத்தேயோ இருந்தான். எல் சல்வடோரிலிருந்து வந்த குடும்பம். எனக்கென்று இருந்த ஒரே சினேகிதன். ஒருநாள் அவனுடைய தாய் வாழையிலையில் பொதிந்து அவித்த சோளமாப் பண்டத்தை ஒரு நீலச் சட்டியில் கொடுத்துவிட்டார். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "உது எங்கட கொழுக்கட்டைக்கு மச்சான் முறை" என்றார்.

அன்று மாலைச் செய்தியில் அமெரிக்க எல்லையைக் காட்டினார்கள். வேலி, கைவிலங்கு, குனிந்த தலைகள், பின்னால் ஸ்பானிய மொழி.

"என்னவாமடா?"

"மத்தேயோன்ர ஆக்கள் மாதிரி, அம்மா. களவா வந்தவையாம். அதுக்குள்ள ஆபத்தான ஆக்களும் இருக்கலாமாம்."

"நீ இனி மேல போகத் தேவையில்லை."

"எங்களை மட்டும் வெத்திலை வைச்சோ கூப்பிட்டவங்கள்?" என்றார் அப்பா.

"நீங்கள் சும்மா இருங்கோ."

சட்டி ஃபிரிட்ஜுக்கு மேல் ஏறியது. வந்த சட்டியை வெறுமையாகத் திருப்புவது எங்களில் வழக்கமில்லை. எதையாவது போட்டு அனுப்பினாலோ, இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்துத் தொடரும். அம்மா இரண்டையும் செய்யவில்லை. மத்தேயோ வகுப்பில் சட்டியைக் கேட்டான். எனக்கு வெட்கமாகி, மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போனேன். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

சில வாரங்கள் கழித்து, அதே செய்தியில் ஒரு கப்பல். தளத்தில் நின்றவர்கள் எங்கள் ஆட்கள், ஊரிலிருந்து கப்பலேறி வந்த தமிழர். தெரிந்த முகம் இருக்குமோ என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

"என்ன சொல்லுறான்?"

நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"சொல்லடா."

"களவா வந்தவையாம்... ஆபத்தான ஆக்களும் இருக்கலாமாம்."

"அண்டைக்கு மத்தேயோன்ர ஆக்களைப் பற்றிச் சொன்னதும் உதுதானே?"

"ஓம்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழும்பிப் போய் உழுந்தை ஊறப்போட்டார்.

மறுநாள் பின்னேரம் நீலச் சட்டி நிறைய வடையோடு லிஃப்டில் ஏறினோம். மத்தேயோவின் தாய் கதவைப் பாதி திறந்து, அம்மாவைக் கனநேரம் பார்த்தார். பிறகு அகலத் திறந்தார். "சூட்டோட சாப்பிடுங்கோ" என்றார் அம்மா தமிழில். மத்தேயோவின் தாய் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். ஒருவரும் என்னை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. மத்தேயோ ஓடிவந்து சட்டியிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தபடி, கையைக் காட்டி என்னை உள்ளே கூப்பிட்டான்.

அந்தக் கனநேரப் பார்வை, சட்டி பிந்தி வந்த கோபம் என்றுதான் நான் நினைத்தேன். அவர்கள் வீட்டிலும் ஆறு மணிக்கு அந்தக் கப்பல் செய்தி ஓடியிருக்கும், அங்கேயும் அதைச் சொல்ல ஆங்கிலம் படித்தவன் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.