குரல் போன பிறகு டைப்பிங் கிளாஸ்

என் வீட்டுக்காரர் சிவகங்கை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மெதுவாகப் பேச வராது. அடுப்படியில் நிற்கும் என்னிடம் வாசலிலிருந்தே ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடிப்பார். தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் குரல்வளையை எடுத்த பிறகு வீடு அடங்கிப்போனது.

சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். ‘தண்ணி’, ‘மாத்திரை’ என்று எழுதுவார். அதற்கு மேல் எழுதக் கை சலித்து, பாதியில் அழித்துவிடுவார். போனில் எழுத்துகள் அவர் விரலுக்குப் பொடிசு. எனக்கோ அவருடைய வெட்டிப்பேச்சு வேண்டியிருந்தது.

சென்னையில் இருக்கும் மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். “அப்பாவ டைப்பிங் கத்துக்கச் சொல்லும்மா. அடிச்சா அதுவே வாசிச்சுச் சொல்லும்.”

அவர் தன் நரைமுடியைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அப்ப நான் சேந்துக்கிறேன். துணைக்காவது வாரீகளா?” என்றேன். நான் எட்டாவதோடு நின்றவள்.

எங்கள் ஊரில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். என் ஆள்காட்டி விரல்களைப் பிடித்து இரண்டு எழுத்துகள் மேல் வைத்தாள். “சின்னதா ஒரு மேடு தட்டுப்படுதாம்மா? விரல் எங்க போனாலும் இங்க திரும்பி வந்துரணும். கீழ மட்டும் பாக்காதீக.”

‘அம்மா’ அடிக்கப் போய் என்னென்னவோ வந்தது. துணைக்கு வந்து பக்கத்தில் இருந்தவர் தோள் குலுங்கச் சிரித்தார்; சத்தம் இல்லை. பிறகு பொறுக்காமல் கையை நீட்டி, சரியான எழுத்தைத் தட்டினார். அந்தப் பெண் விடவில்லை.

“அப்பா, அந்தச் சீட்டு காலியாத்தான் கெடக்கு. அங்குட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஆனால் விரல் பழகவில்லை. ஒருநாள் விசைப்பலகையைத் தள்ளிவிட்டுப் படியிறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டார். பின்னாலேயே போனேன்.

“வேகமா அடிக்கச் சொல்லி யாரு கேட்டா? எனக்கு நேரம் இருக்கு. நீங்க மெதுவாவே பேசுங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் மாடியேறினார்.

ஆடி பிறந்த சமயம், வீட்டில் மேசையைத் தட்டிக் கூப்பிட்டார். திரையில், ‘குழம்புல புளி தூக்கல். சொன்னா கோவிச்சுக்குவ’ என்றிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெருமையோடு அவர் ஒரு பட்டனை அமுக்க, யாரோ ஒரு ஆள் செய்தி வாசிப்பது போல அதைச் சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இது வேணாங்க, நிறுத்துங்க. நானே வாசிச்சுக்கிறேன்.”

இப்போது சாயங்காலமானால் அடிக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுகிற மாதிரியே மனசுக்குள் வாசிக்கிறேன். சில நாட்களில் அந்தக் குரல் பிடிபடுவதில்லை. “ஏ புள்ள” என்று கூப்பிடுவாரே, அதை எந்த இடத்தில் இழுப்பார்? நினைத்து நினைத்துப் பார்த்தும் வராது.

போன வாரம் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

‘எனக்கும் ஞாபகம் வரல.’

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்லக் கையை உருவிக்கொண்டு, ஆட்டுக்குட்டியை முந்தானைக்குள் மறைத்துப் பஸ் ஏறிய ஒரு பொம்பளையின் கதையை அடிக்கத் தொடங்கினார்.