பச்சை என்றால் பேரியமா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலிங் பெல் விடாமல் அலறியது. கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு செல்வி. கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம்.

"மாமா… அரியர் கிளியர்!"

ஒரு பிராக்டிகல் அரியருக்கா இத்தனை அலப்பறை என்று கேட்பீர்கள். நியாயம்தான். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செல்வி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி மாணவி. கொரோனா பேட்ச். ஒன்பதாம் வகுப்பு முடியுமுன்பே பள்ளிக்கூடம் மூடியது; பத்தாம் வகுப்பு அம்மாவின் செல்போனிலேயே முடிந்தது. குடுவையைத் திரையில் பார்த்ததோடு சரி. பரீட்சையே இல்லாமல் பாஸ். 'ஆல் பாஸ் கேஸ்' என்று நானே அவளைக் கிண்டலடித்திருக்கிறேன்.

போன செமஸ்டர் பிராக்டிகலில், கொடுத்த உப்பு என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். தீயில் காட்டினாள் – பச்சைச் சுடர். பட்டாசு ஊரான திருத்தங்கல் பெண் அல்லவா? அம்மாவுக்கு வேலையே பட்டாசுக் கம்பெனியில்தான். வாணத்தில் பச்சை என்றால் பேரியம், நீலம் என்றால் செம்பு. மேற்கொண்டு ஒரு சோதனையும் செய்யாமல் 'பேரியம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அது செம்பு! லேபில் செம்பும் பச்சையாக எரியும் என்று அவளுக்கு யார் காட்டினார்கள்? ஃபெயில்.

அவள் அம்மா என் எதிரிலேயே சொன்னார்: "ஏட்டி, அடுத்த தடவையும் போச்சுன்னா பேசாம என்கூட கம்பெனி வேன்ல ஏறிரு. எம்புட்டு நாளைக்குத்தான் நான் ஒருத்தியே ஓடுறது?"

கோபமில்லை, அலுப்பு. இவள் படிப்பு அவ்வளவுதான் என்று நானும் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அவள் ட்யூஷன் போகவில்லை. ஒரு நோட்டு வாங்கி அதை மூன்றாகப் பிரித்தாள். முதல் பகுதி, தெரிந்தது. இரண்டாவது, தெரியாதது. மூன்றாவது… 'தெரியும்னு நெனச்சது'.

"தெரியாததை யார்ட்டயாச்சும் கேட்டுக்கிடலாம் மாமா. இந்த மூணாவதுதான் ஆளைக் கவுத்துரும்" என்றாள்.

மூன்றாவது பகுதியின் முதல் வரி: 'பச்சைன்னா பேரியம்.' அங்கிருந்து பின்னோக்கிப் போய், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை இரவல் வாங்கி முதல் பாடத்திலிருந்து படித்தாள். கல்லூரிப் பெண் கையில் பள்ளிக்கூடப் புத்தகம்! தெருவில் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

மறுபடி பிராக்டிகல். மறுபடி… பச்சைச் சுடர்!

"கை பரபரன்னுச்சு மாமா. ஆனா எழுதல. ஒவ்வொரு டெஸ்ட்டா செஞ்சேன். கடைசில குரோமேட் கரைசல் விட்டேன், பேரியத்துக்குப் படியற மாதிரியே மஞ்சளாப் படிஞ்சுச்சு. இந்தத் தடவை நெசமாவே பேரியம்!"

பதில் அதே பேரியம்தான். ஆனால் இந்த முறை அது அவள் நிரூபித்த பேரியம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டலடித்த வாய்க்கு ஒரு மிட்டாயைப் போட்டு அடைத்தேன்.

வெளியே அவள் அம்மா போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். "எம் பிள்ளை பாஸாயிட்டா. எடுத்துக்கோங்க!"

செல்வி கிளம்பும்போது கேட்டாள்: "மாமா, வெடி மருந்து எரியறதுக்கு வெளிக்காத்து வேணுமா?"

ஐம்பது வருஷமாகப் பட்டாசு ஊரில் இருக்கிறேன். என்னிடமா? "காற்றில்லாமல் எப்படிம்மா எரியும்?" என்றேன் கம்பீரமாக.

"மருந்துக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கு மாமா. நீங்களும் ஒரு நோட்டு வாங்கிருங்க!"

வாங்கிவிட்டேன். மூன்றாவது பகுதிக்கு மட்டும் பக்கம் பத்தவில்லை!