வெட்டுப்பட்ட கெட்டிமேளம்

கரவெட்டி உதயகலா, சந்தையில் யாராவது தராசைச் சற்றுச் சாய்த்தாலும் ஊருக்கே கேட்கக் கத்துகிறவள். அன்று அவள் கத்தியது நிரோசனின் கொம்பியூட்டர் கடையில்.

அவளுடைய கலியாண அல்பமும் வீடியோவும் யுத்தகால இடம்பெயர்வில் போய்விட்டன. தப்பியது கலியாணச் சத்தம் பதிந்த ஒரேயொரு சீடிதான். அதில் கீறல் விழுவதற்கு முன் பென்ட்ரைவில் ஏற்றித் தரச் சொல்லி நிரோசனிடம் கொடுத்திருந்தாள். அவன் தந்த பென்ட்ரைவை வீட்டில் போட்டுக் கேட்டால், ஐயரின் மந்திரம் முடிந்ததும் நேரே பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். தாலி கட்டும்போது முழங்கிய கெட்டிமேளத்தைக் காணவில்லை.

“எங்கையடா என்ரை மேளம்?”

“அந்த இடத்திலை ஒரே இரைச்சல், அக்கா. சீடி பழுதெண்டு நினைச்சு வெட்டிப்போட்டன். கேக்க வடிவா இருக்கட்டுமெண்டு...”

“உன்னைத் திருத்தச் சொன்னனானோ? உள்ளதை உள்ளபடி எடுக்கத்தானே சொன்னனான்! கட்டின மனுசனும் இல்லை, கட்டின தாலியும் இல்லை. அந்த மேளம் ஒண்டுதான் எனக்கு மிச்சம். அதையும் வெட்டிப்போட்டு வடிவெண்டு கதைக்கிறாய்!”

சீடியை மேசையில் வைத்தாள்.

“இப்ப, என்ரை கண்ணுக்கு முன்னாலை எடு. அதிலை ஒரு அடி குறைஞ்சாலும் நான் அடிப்பன் கெட்டிமேளம், உன்ரை முதுகிலை!”