மாமன் கொண்டுவந்த அரக்குச் சேலை

என் அம்மா ராமக்காள் கோபக்காரி. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் துணிக்குக் கண்ட்ரோல் வந்து, அளந்துதான் விற்பார்கள் என்றானதும் அந்தக் கோபம் இரண்டு மடங்கானது. ஆகாமல் என்ன செய்யும்? பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டுவதில் நல்லம்பள்ளிப் பக்கத்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அப்பேர்ப்பட்டவளிடம் மிச்சமிருந்தது ஒட்டுப்போட்ட சேலை ஒன்றும், கல்யாணத்தில் கட்டிப் பெட்டியில் கிடந்த அரக்குநிறக் கூரைச்சேலையும்தான்.

அந்த நேரம் பார்த்து நான் வயசுக்கு வந்து தொலைத்தேன். வழக்கப்படி வாசலில் பச்சை ஓலைக் குடிசை கட்டி என்னை உட்காரவைத்தார்கள். தாய்மாமன் கொண்டுவரும் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டால்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். மாமன் மாதப்பனோ வாராவாரம் தருமபுரிக் கடைவீதியில் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். கடைக்காரன் முன்வாசலில் 'ஸ்டாக் இல்லை' என்பான். பின்வாசலில் கள்ள விலைக்கு வண்டியில் துணி ஏறுமாம். என்ன அநியாயம் இது! குடிசை ஓலை காய்ந்து உதிர்ந்தது. மழை பெய்தால் தொப்பலாக நனைந்தேன். அங்கே நிலத்தில் என் உதவி இல்லாமல் அம்மா ஒற்றை ஆளாய்க் கடலைக்காய் பிடுங்கி மாய்ந்தாள்.

ஒருநாள் குடிசைக்குப் பின்னால் அம்மாவும் மாமனும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"இந்தாடா, என் கூரச்சேல. வர்ற வெள்ளிக்கெழம தட்டுல வெச்சிக் கொண்டா."

"உன் சேலைய உனக்கே சீராக் கொண்டார்றதா? என் மானம் போவாதாக்கா?"

"உன் மானத்த வெச்சிக்கிட்டு நான் என்னடா பண்றது? புள்ள மழையில நனையுது. வாய மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை மாமன் தலையில் உருமால் கட்டிக்கொண்டு மேளத்தோடு வந்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. தட்டில் இருந்த சேலை நாலு பேருக்காவது அடையாளம் தெரிந்திருக்கும். தெரியாததுபோல் வெற்றிலை மடித்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதிதானே.

சீர்த்தட்டை வாசலில் நின்று வாங்க வேண்டியவள் பெற்றவள். அம்மா வெளியே வரவேயில்லை. அத்தை நஞ்சம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்த் தானே வாங்கினாள். "இன்னிக்குமா இவளுக்கு வீம்பு" என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். எனக்கும் ஆத்திரம்தான். குடிசைக்குள்ளேயே சேலையைச் சுற்றிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்குள் போனேன்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். காலையில் தண்ணீர்க்குடம் தூக்கும்போது ஒட்டுச்சேலை முதுகிலிருந்து இடுப்புவரை கிழிந்துவிட்டதாம். இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்படியாடி கொசுவம் வெப்பாங்க? திரும்பு."

திரும்பினேன். "அந்தக் கடைக்காரன் வெளங்கவே மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே, பிடித்திருந்த கிழிசலை விட்டுவிட்டு, என் கொசுவத்தைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.