சுகப்பிரியா என்று தேடியபோது

கோமதிநாயகம் சங்கரன்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்தபோது அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனைவி தங்கமாரி ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் சுகாதார செவிலியர். அரசாங்க வேலை. அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கம்பெனியை விட்டுவிட்டு வாங்க என்று சொல்ல அவளுக்கும் வரவில்லை. அவள் டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டாள். இருவரும் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதே சுகப்பிரியா பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

கார் கதவுகளுக்கு ரப்பர் சீல் செய்யும் கம்பெனி அது. கோமதிநாயகத்துக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. ரப்பரில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் அந்தத் துண்டை விளக்குக்குக் கீழே வைத்து டிஜிட்டல் கேமராவில் படமெடுப்பான். மாதக் கடைசியில் படங்களை சிடியில் ஏற்றி, உறைமேல் மாதத்தின் பெயரை எழுதி அலமாரியில் அடுக்குவான். குன்றத்தூரில் ஓர் அறை. கூட இரண்டு பேர். காலையில் கம்பெனி பஸ், இரவில் கம்பெனி பஸ். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

2004இல் ஒரு நாள் கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வந்தார்கள். போன வருஷம் தாங்கள் திருப்பி அனுப்பிய ஒரு சீலின் படத்தைக் கேட்டார்கள். கோமதிநாயகம் அலமாரியிலிருந்த சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினான். ஒன்று கீறல் விழுந்து திறக்கவே இல்லை. படம் கிடைப்பதற்குள் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

மேனேஜர் சிவசங்கர் திட்டவில்லை. மறுநாள் கூப்பிட்டு, "இனிமே இப்படி ஓட்ட முடியாது, நாயகம். படத்தையெல்லாம் ஒழுங்கா வெக்கறதுக்கு எந்த சாப்ட்வேர், எதுல சேமிக்கறது, ரெண்டையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்க. டிரையல் வெர்ஷன் இறக்கிப் போட்டுப் பாருங்க" என்றார்.

"சரி சார். நம்ம சீல் படத்தையே போட்டுப் பாத்துருதேன்."

"அது வேணாம். கஸ்டமர் படம். வாங்காத சாப்ட்வேர்ல அதை ஏத்தினா பிரச்சினை. உங்க வீட்டுப் படம் ஏதாவது இருந்தா போட்டு டெஸ்ட் பண்ணுங்க."

வீட்டுப் படம் இருந்தது. தங்கமாரியின் அண்ணன் வனமாமலை ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தான். புது டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளிலிருந்து மருமகளைப் படமெடுத்துத் தள்ளினான். சேர்ந்ததும் சிடியில் ஏற்றி, சென்னை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். கோமதிநாயகம் அதைக் குன்றத்தூர் பிரவுசிங் சென்டரில் போட்டு, நேரம் முடிவதற்குள் அவசரமாகப் பார்ப்பான். எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

முதல் சாப்ட்வேர் படங்களைப் பெட்டி பெட்டியாகக் காட்டியதோடு சரி. அலமாரியில் அடுக்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது இலவசம். வேகமாகவும் இருந்தது. ஆனால் படத்துக்குக் கீழே எழுதிய குறிப்புகளைத் தனியாக எங்கோ வைத்துக்கொண்டது. படத்தை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் குறிப்பு கூட வரவில்லை. மூன்றாவது மெதுவாகத்தான் திறந்தது. ஆனால் எழுதுவதைப் படத்துக்குள்ளேயே எழுதியது. நாளைக்கு அந்த சாப்ட்வேரே இல்லாமல் போனாலும் எழுத்து படத்தோடு இருக்கும்.

அந்த மூன்றாவதில் இன்னொன்றும் இருந்தது. எடுத்த தேதியை வைத்துப் படங்களைக் காலண்டராகக் காட்டியது. சாப்பாட்டு நேரத்தில் கோமதிநாயகம் அதைத் திறந்தான். மாதத்துக்கு ஒரு கட்டை; படம் நிறைய எடுத்த மாதங்களில் கட்டை உயரமாக நின்றது. ஆடித்தபசு, பொங்கல், மொட்டை போட்டது. இடையில் சில மாதங்களில் ஒன்றுமே இல்லை. வனமாமலைக்குக் கல்யாண சீசன். மருமகள் பக்கம் வர நேரமிருந்திருக்காது. அப்படி வெறுமையாக இருந்த ஒரு மாதத்தில்தான் சுகப்பிரியா முதன்முதலாக எழுந்து நடந்தாள். தங்கமாரி போனில் சொன்னாள். அன்று அவன் கம்பெனியில் உற்பத்தி லைன் பக்கத்தில் நின்றிருந்தான். மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டுவிட்டது போல "சரி, சரி" என்றான். இப்போது கர்சரை அந்த வெறும் இடத்தின்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

பிறகு வேலையைத் தொடர்ந்தான். படங்களுக்குப் பெயர் போட வேண்டும்; தேடினால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடிந்தது. தங்கமாரி, சுகப்பிரியா, அப்பா, மாமா, கோயில், சோறு, குளிப்பு என்று இரண்டு நாள் உட்கார்ந்து போட்டான். சுகப்பிரியா என்று தேடினான். திரை நிறைந்து வழிந்தது. அநேகமாக எல்லாவற்றிலும் குழந்தை நேராக இவனைப் பார்த்துச் சிரித்தது. அடுத்து, சுகப்பிரியா, அப்பா என்று இரண்டு பெயரையும் சேர்த்துத் தேடினான்.

மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் அவன் ஒரே சட்டை போட்டிருந்தான். மூன்றிலும் அவன் இடுப்பில் இருந்த குழந்தை அழுதது. அவனைப் பார்க்காமல், கேமராவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தது.

பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் பலராமன் பின்னால் வந்து நின்றார். வடக்குப்பட்டுக்காரர். பிரியமான மனிதர்.

"இன்னாபா, உம் பொண்ணா? மூக்கு அப்டியே உன்னுதுதான் கீது."

"ஆமாண்ணே."

"இன்னாத்துக்கு அழுவுது?"

"மாமன்கிட்ட போகணும்னு அழுதிருக்கும். அவன்தான் படம் எடுத்தான்."

பலராமன் படத்தை உற்றுப் பார்த்தார். "லீவு போட்டுட்டு போய்ப் பார்த்துட்டு வாயேம்பா. ரப்பரு எங்கியும் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோமதிநாயகம் தங்கமாரிக்குப் போன் செய்தான். சாப்ட்வேர் கதையைச் சொன்னான். குழந்தை எல்லாப் படத்திலும் எப்படிச் சிரிக்கிறாள் என்று சொன்னான்.

தங்கமாரி சிரித்தாள். "அது ஒங்களுக்குத் தெரியாதுல்லா? அண்ணன் கேமராவ எடுத்தா, 'அப்பா பாக்காக, சிரி'ன்னு நான்தான் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி, இப்பம் அந்தக் கேமராதான் அப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. கேமராப் பைய எடுத்த ஒடனே 'அப்பா வந்தாச்சு'ன்னு ஓடுதா..."

சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது.

"நான் இனி அப்படிச் சொல்லல" என்றாள் மெல்ல.

"பரவால்ல. சொல்லு" என்றான்.

மூன்றாவது சாப்ட்வேரையே வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தான். படங்களுக்கு சர்வரில் ஒரு பிரதி, வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கை இந்தக் கட்டடத்தில் வைக்காமல் சென்னை ஆபீசில் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். சிவசங்கர் படித்துவிட்டு, "டெஸ்ட் நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். "லீவு வேணும் சார்" என்றான் கோமதிநாயகம். கொடுத்தார்.

ஊரில் அவன் போய் இறங்கியதும் குழந்தை தங்கமாரியின் பின்னால் ஒளிந்துகொண்டது. அவன் தூக்கப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, அவள் விளையாடிய பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி எடுத்துக் கொடுத்தான். ஒன்று பொருந்தாமல் இருந்தது. அவள் அதைப் பிடுங்கி வேறொன்றைக் கொடுத்தாள். மாலையில் வனமாமலை கேமராப் பையோடு வந்தான். "அப்பா!" என்று அவள் ஓடினாள். வனமாமலையின் முகம் செத்துவிட்டது. பையைத் திறக்காமலே, "கடையில ஆள் நிக்கி" என்று திரும்பிவிட்டான். அவள் தெருவைப் பார்த்து அழுதாள். கோமதிநாயகம் கூட நின்றான். அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துவிட்டான். அதற்கு விட்டாள்.

நாலாம் நாள் அவள் அவன் தோளில் தூங்கினாள். ஐந்தாம் நாள் அவன் பஸ் ஏறிவிட்டான். அடுத்த முறை போனபோது மறுபடியும் முதலிலிருந்து.

2006இல் தங்கமாரிக்கு டிரான்ஸ்பர் வந்தது. கம்பெனிக்குக் கிட்டே என்று வாலாஜாபாத் பக்கம் கேட்டிருந்தாள். உளுந்தூர்பேட்டை பக்கம் கிடைத்தது. பாதி வழிக்கு மேல் வந்தாயிற்று. கோமதிநாயகம் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடிப்பான். ஞாயிறு முழுக்க சுகப்பிரியா அவனை விட்டு அசைய மாட்டாள். நகம் வெட்டுவதும் அவன்தான், பின்னல் போடுவதும் அவன்தான். பின்னல் கோணலாகத்தான் வரும். சாயங்காலம் தங்கமாரி அவன் பையில் இட்லிப்பொடி வைப்பாள். அதைப் பார்த்ததும் குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

"நாளைக்கு வருவியா?" என்பாள்.

"நாளைக்கு இல்லட்டி. சனிக்கிழமை."

"நாளைக்குச் சனிக்கிழமையா?"

தங்கமாரி அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வருவாள். மூவரும் ஹைவே ஓரம் நிற்பார்கள். சென்னைப் பஸ்கள் பல நிற்காமல் போகும். ஒவ்வொன்றும் நிற்காமல் போகும்போது, யாரும் சொல்லாமலே, மூவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.